வீட்டு ரகசியம் கையில் கிடைத்துவிட்டது: நாவலா, குடும்ப வரலாறா, தொடர்கதையா, பெட்டிப்பூட்டா?

இந்த வருடம் மூன்று பெண்கள் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள்.

ஒருவர் தேவகோட்டையில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்பவர். பாகம் பிரிக்குமுன் சாமான் ஒதுக்குவதற்காகப் பெரியவீட்டுக்குப் போனவர், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்களோடு திரும்பினார். இரண்டாமவர் கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. அவருடைய ஆயா ஒரு பெரியவீட்டில் முப்பது வருடம் சமையல் செய்தவர். சாகக் கிடந்தபோது பேத்தியின் காதில் ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாமவர் காரைக்குடியிலேயே இருக்கிறார். கணவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது அவருக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். தெரியும் என்பது கணவருக்குத் தெரியாது.

மூவருக்கும் எழுத வரும். மூவரும் குடும்பம், காதல், துரோகம் என்று பெண்கள் எழுதும் நாவல்களை விடாமல் வாசிப்பவர்கள். கையில் இருப்பது கதைக்கான சரக்கு என்பதும் தெரிந்திருக்கிறது. நாவலாக எழுதுவதா, உள்ளது உள்ளபடி குடும்ப வரலாறாக எழுதுவதா, செயலியில் தொடராகப் போடுவதா, பேசாமல் பெட்டியை மூடிவிடுவதா என்பதில்தான் நிற்கிறார்கள்.

பிறருடைய கையெழுத்துப் படிகளைத் திருத்தித் தருவது என் பிழைப்பு. அதனால் இந்த நான்கு வழியிலும் போனவர்களை எனக்குத் தெரியும். என் அலமாரியிலும் ஒரு நோட்டு இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

எதை வைத்து நிறுப்பது

எந்த வழி நல்ல விலை தரும், எது பெயர் வாங்கித் தரும் என்றுதான் பெரும்பாலோர் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, ரகசியம் யாருடையது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது. பெட்டி உங்கள் கைக்கு வந்ததால் ரகசியமும் உங்களுடையதாகிவிடாது. கடிதங்களைப் பொறுத்தவரை சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது: தாள் பெற்றவருடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது, அவருக்குப் பிறகு அவருடைய வாரிசுகளுடையது. உங்கள் அப்பத்தாளுக்கு வேறொருவர் எழுதிய கடிதத்தை அப்படியே அச்சில் ஏற்ற, அந்த வேறொருவரின் பேரப்பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஆள் அடையாளம். மூன்றாவது, அது பாகத்தில் போய் முட்டுமா என்பது. நான்காவது, உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது: முழுக்கதையா, கிழிந்த துண்டா? ஐந்தாவது, நாளை மனம் மாறினால் திரும்ப எடுக்க முடியுமா என்பது.

இந்த ஐந்தில் இரண்டாவதைத்தான் எல்லோரும் தப்பாக எடை போடுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். செட்டிநாட்டில் ஒருவரை அடையாளம் காணப் பெயர் எதற்கு? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், ஊர்கள் எழுபதுக்கு மேல்; குலப் பிரிவுகளான கோயில்களோ ஒன்பதுதான். எந்த ஊர், எந்தக் கோயில், என்ன விலாசம் என்று மூன்று கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். விலாசம் என்றால் வீட்டு முகவரி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே அது வட்டிக்கடைக் காலத்திலிருந்து வரும் தலையெழுத்துகள், மூன்று நான்கு தலைமுறையின் முதலெழுத்துகளைக் கோத்த கொத்து. அதை மாற்றினாலும் வீடு காட்டிக்கொடுக்கும். நான் திருத்திய ஒரு நாவலில் ஆசிரியை எல்லாப் பெயரையும் மாற்றியிருந்தார். மேல்மாடிச் சுவரில் துப்பாக்கியோடு நிற்கும் வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையை மட்டும், அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார். அதில் ஒரு சிப்பாய்க்கு மூக்கு உடைந்திருக்கும் என்பதையும் எழுதியிருந்தார். புத்தகம் வந்த வாரமே ஒரு கல்யாண வீட்டில் அவரிடம் ஒரு ஆச்சி வந்து, “மூக்கொடிஞ்ச வீட்டைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார்.

நாவல்

எந்த ரகசியமும் நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. கடிதம் கிடைத்தால் பெரும்பாலும் பதில் கடிதம் கிடைக்காது. பெயர் தெரிந்தால் முகம் தெரியாது. நாவலின் பலம், இந்தப் பொத்தலை அடைக்க அதற்கு உரிமை உண்டு என்பது. ஆயா காதில் சொன்ன ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாது, நாவல் எழுதலாம்.

ஆனால் செட்டிநாட்டைக் களமாக வைத்து வரும் கையெழுத்துப் படிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு கோளாறு உண்டு. கதாநாயகி பழைய வீட்டுக்கு வருகிறாள், பூட்டிய அறையைத் திறக்கிறாள், ரகசியம் வெளிவருகிறது, குடும்பம் அதிர்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிடும். முகப்பு, பட்டாலை என்ற முன்கூடம், வளவு என்ற முற்றக்கட்டு, இரண்டாங்கட்டு என்று நீளும் அந்த வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவில் ஓர் அறை. வேறு வைத்தபிறகு, அதாவது குடித்தனம் பிரித்தபிறகு, அடுப்பும் தனித்தனி. ஐந்து ஓர்ப்படியாள்கள் ஐந்து அடுப்பை வரிசையாகப் பற்றவைக்கும் இடத்தில், யார் வீட்டுக் குழம்பில் இன்று காய் இல்லை என்பதுகூட மற்ற நால்வருக்கும் தெரியும். அங்கே ரகசியம் என்பது யாருக்கும் தெரியாத ஒன்றாக இருந்ததே கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்தத் திறக்காத வாயைத்தான் எழுத வேண்டும். ரகசியம் உடைவதைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே உடைத்துவிடுங்கள். தெரிந்துகொண்டே நாற்பது வருடம் பந்தியில் பரிமாறியவள் எப்படிப் பரிமாறினாள் என்பதில்தான் மீதி இருநூறு பக்கமும் இருக்கிறது.

இன்னொரு கோளாறு, பிள்ளை கூட்டிக்கொண்டதை, அதாவது சுவீகாரம் எடுத்ததை, ரகசியமாக்குவது. முப்பது வயதில் ஒருத்தி, தன் தகப்பனார் கூட்டிக்கொண்ட பிள்ளை என்று கண்டுபிடித்து மயங்கி விழுகிறாள். நகரத்தார் வீட்டில் இது நடக்கவே நடக்காது. பிள்ளையைப் பெரும்பாலும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து எடுப்பார்கள். உறவெல்லாம் கூடித்தான் எடுப்பார்கள். 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன்கூட அப்படிச் சுவீகாரம் போனவர்தான்; ஊருக்கே தெரியும். அதில் ரகசியம் வேண்டுமென்றால் பெற்றவளிடம் போய்த் தேடுங்கள். பக்கத்துத் தெருவில் வளரும் தன் பிள்ளை தன்னை வேறு முறை வைத்துக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அவள் என்ன செய்தாள்? அதை யாரும் பேரேட்டில் எழுதவில்லை.

காலக்கணக்கிலும் கவனம் வேண்டும். பர்மாவில் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் பார்க்க, போன ஆண் பொதுவாக மூன்று வருடக் கணக்குக்குப் போய்த் திரும்புவார். பெட்டியடிப் பையனாக, அதாவது கடைச் சிறுவனாக, போனவர் ஏஜெண்டாக உயர்வதற்குள் பல கணக்குகள் முடிந்திருக்கும், மனைவியோ ஊரில்தான். இதை வைத்துத்தான் பர்மாக்காரிக் கதைகள் எல்லாம் கிளைக்கின்றன. ஆனால் 1930-ஐயும் 1938-ஐயும் ஒன்றாக எழுதிவிடக் கூடாது. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் 1930-இல் இருந்த நிலம் 6 சதவீதம். விலை வீழ்ந்து கடன் திரும்பாமல், அடமானம் முழுகி, 1938-இல் அது 25 சதவீதமானது. முன்பு கடன் கொடுப்பவராக இருந்தவர் நிலக்காரர் ஆனார். கூடவே பகையும் ஏறியது. அந்த 1938-இல் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரமும் நடந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், ஓடிவந்தவர்கள் ஓடிவந்தார்கள். 1934-இல் ஒரு பர்மியப் பெண் செட்டியாரைப் பார்த்த பார்வையும் 1939-இல் பார்த்த பார்வையும் ஒன்றாக இருக்க முடியாது.

அவளை “வைப்பு” என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களும் உண்டு. மதராஸ் மாகாணத்தில் இந்து ஆணின் இருதார மணத்தைத் தடுத்த சட்டம் வந்தது 1949-இல்தான். பர்மாவிலோ, பௌத்தரல்லாத ஆணோடு வாழும் பர்மிய பௌத்தப் பெண்ணுக்கு மணவுரிமையும் வாரிசுரிமையும் தரும் தனிச் சட்டம் 1939-இலேயே இயற்றப்பட்டது. ஆகவே அவள் யார் என்பது நீங்கள் எந்த ஊர்ச் சட்டத்தில், எந்த வருடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இழுபறியைக் கதைக்குள் கொண்டுவந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. எல்லோரும் ஆத்தங்குடித் தரைக்கல்லிலேயே வழுக்கி விழுந்துவிடுகிறார்கள். பர்மாத் தேக்கு, முட்டை மினுக்கிய சுவர், நண்டுக் குழம்பு, முதல் அத்தியாயம் முடிந்தது.

நாவலின் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, வருடங்கள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்ப்பவருக்கு ஒரு நாவல் மூன்று வருடம் தின்னும். இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: நீங்கள் கற்பனையில் சேர்த்ததையும் ஊர் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். கதைக்காக நீங்கள் வைத்த விஷம், உங்கள் அயித்தையின் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரலாறு எழுதியவள், “இல்லை, இப்படித்தான் நடந்தது” என்று தாளைக் காட்டலாம். நாவல் எழுதியவளால் எதையும் மறுக்க முடியாது. மறுத்தால், மற்றதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும்.

அச்சுக்குப் போவது பற்றி ஒரு வார்த்தை. பதிப்பகத்தார் பலர் இப்போது ஆசிரியரிடமே அச்சுச் செலவைக் கேட்கிறார்கள். கேட்பவர் எத்தனை படி அடிப்பார், விற்காததை யார் வீட்டில் அடுக்குவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமேசான் கிண்டிலில் நீங்களே மின்னூலாகப் போடலாம், தமிழை ஏற்கிறார்கள். இந்திய விற்பனையில் 70 சதவீத ஆசிரியர் பங்கு வேண்டுமானால், வேறெங்கும் மின்னூலாக விற்காமல் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. அட்டையில் புனைபெயர் போட்டுக்கொள்ளலாம். வங்கிக் கணக்கும் பான் எண்ணும் சொந்தப் பெயரில்தான். வீட்டில் யார் அந்த வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வரலாறு

பெயர் பெயராக, தேதி தேதியாக எழுதுவது. சம்பந்தப்பட்டவர் எல்லாரும் காலமாகி, தாள்கள் கையில் இருந்து, மறுபக்கத்து வாரிசும் சரி என்று சொன்னால் இதற்கு மிஞ்சிய வடிவம் இல்லை. நாவலில் ஐம்பது பக்கம் முயன்றாலும் வராத ஒன்று, சில சமயம் ஒரு வரவு செலவு நோட்டில் வந்துவிடும்.

என் நோட்டுக்கு வருகிறேன். ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, பர்மாவின் மோல்மேனில் ஏஜெண்டாக இருந்தவர்; யுத்தத்தில் திரும்பினார், பிறகு ஒருமுறை போய்வந்தார், அப்புறம் போகவில்லை. அப்பத்தா இறந்தபின் அவருடைய பெட்டகத்தில் பதினேழு நோட்டுகள் இருந்தன. எண்ணெய், புளி, சலவை, பால் என்று நாள் தவறாத கணக்கு. 1966 தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியில் ஒரே வரி: “ப.கா. 25.” வருடம் மாறுகிறது, வரி மாறவில்லை. தீபாவளி மாதங்களில் “ப.கா. புடவை 1.” 1971-இல் “ப.கா. பள்ளிக்கூடம் 12.” நான் முதலில் பால்காரர் என்று நினைத்தேன். பாலுக்குத் தனி வரி இருந்தது.

ப.கா. என்றால் பர்மா காலனி. 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் குடியேறினார்கள்; காரைக்குடியிலும் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. ஐயாவின் மகள் ஒருத்தியும் அவளுடைய தாயாரும் அங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஐயா ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. போனது அப்பத்தா. 1983 ஆவணியில் கடைசி வரி: “ப.கா. காரியச் செலவு 300.” அதற்குப் பிறகு அந்த இரண்டு எழுத்து எந்த நோட்டிலும் இல்லை.

பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு மலர் போட்டார்கள். இங்கே அறுபதுக்கும் எண்பதுக்கும் மலர் போடுவது வழக்கம். அதில் வரும் முன்னோர் எல்லாரும் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். நான் அப்பத்தாளைப் பற்றி இந்த நோட்டை வைத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன், புகழ்ச்சியாகத்தான். மெய்ப்பு வந்தபோது என் கட்டுரை இருந்தது, நோட்டு இல்லை. அப்பத்தா “சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவர்” என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். “ஆத்தாளே சொல்லாததை நீ எதற்கம்மா சொல்கிறாய்?” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 1971-இல் அந்தப் பன்னிரண்டு ரூபாயைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கட்டியதே அவர்தான். அன்றைக்கு எனக்குக் கோபம். இன்றைக்கு, அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றுகிறது. பதில் இன்னும் என்னிடம் இல்லை.

வரலாற்றின் மறைமுகச் செலவு, பாகம். பெரியவீட்டில் பங்கு உள்ளவர்கள் சில வீடுகளில் நாற்பது ஐம்பது பேர். விற்பதற்கு எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். நீங்கள் பாட்டனாரின் இன்னொரு கிளையை அச்சில் ஒப்புக்கொண்டால், மறுநாள் அது பத்திரத்தில் எதிரொலிக்கலாம். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், தகப்பனாருக்குப் பாகத்தில் கிடைத்திருக்கக்கூடிய பங்கில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அது நல்ல தீர்ப்பு என்பது என் கட்சி. ஆனாலும் உங்கள் புத்தகம் சாட்சியாகப் போகக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

இறந்தவரைப் பற்றித்தானே, அவதூறு வழக்கு வராது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவு, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் பெயரைக் கெடுத்தால் அதுவும் அவதூறாகலாம் என்கிறது. தண்டனை இரண்டு வருடம் வரை. வழக்கு வருவது அரிது. பங்காளி வாசலுக்கு வருவது அரிதல்ல.

செயலியில் தொடர்

பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவது. பெண்கள் எழுதிப் பெண்கள் வாசிக்கும் குடும்பக் கதைக்கு இன்று இதைவிடப் பெரிய சந்தை தமிழில் இல்லை. ஒரு காலத்தில் வார இதழ்த் தொடரும் மாத நாவலும் செய்த வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது. இரவு பதினொரு மணிக்கு அத்தியாயம் ஏற்றினால் விடியுமுன் நூறு பேர், “அந்தப் படுபாவியை விடாதீர்கள்” என்று எழுதியிருப்பார்கள். அந்த ஊக்கம் பொய்யில்லை. நாவல் எழுதப் பயந்தவர்கள் அதனால்தான் எழுதி முடித்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மை ரகசியத்துக்கு இது ஆகாது என்பது என் தீர்மானம். முடிவு தெரியுமுன் முதல் அத்தியாயம் வெளியே போய்விடுகிறது. வாசகர்கள் கதையை இழுக்கிறார்கள். துரோகம் செய்தவன் இருபதாவது அத்தியாயத்தில் அரக்கனாகிவிடுகிறான், நாற்பதாவதில் காலில் விழுகிறான். உங்கள் வீட்டில் அவன் இரண்டும் செய்திருக்க மாட்டான். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பான். அழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டுகள் வாட்சப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். முழுக்கக் கற்பனைக் கதைக்கு, கை பழகுவதற்கு, இதுவே முதல் இடம். அதற்குப் போங்கள்.

பெட்டிப்பூட்டு

எழுதாமல் வைப்பதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்து, உண்மை வெளிவந்தால் நடுவில் நிற்கப்போவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால், இதுதான் சரி. வைப்பதிலும் முறை உண்டு. தாள்களைப் படமெடுத்து வையுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்தப் பெட்டியில் எப்போது கிடைத்தது என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். யார் எப்போது திறக்கலாம் என்றும் எழுதுங்கள்.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள். எனாமல் கிண்ணமும் மங்குச் சாடியும் தேடிப்போன இடத்தில், சட்டம் போட்ட கல்யாணப் படங்கள் அடுக்கியிருக்கும். சட்டத்துக்குத்தான் விலை, ஆட்களுக்கு இல்லை. ஒருமுறை ஒரு சட்டத்தின் பின்பலகை கழன்று, உள்ளே இன்னொரு படம் இருந்ததைப் பார்த்தேன். அதே ஆண், பக்கத்தில் லுங்கி கட்டிக் கொண்டையில் பூ வைத்த வேறு பெண். கடைக்காரர் பலகையைத் திரும்ப அழுத்தி மாட்டினார். யாரோ ஓர் உணவகத்துக்காக அதை வாங்கிப் போனார்கள்.

காப்பகத்துக்குக் கொடுப்பது இன்னொரு வகை. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, வீடு வீடாகச் சேர்த்த புத்தகங்களும் அச்சுத் தாள்களும் அவர் 1992-இல் காலமானபின் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆயின. செட்டிநாட்டு வீடுகள் எடைக்குப் போடும் தாளுக்கு மதிப்பு உண்டு என்பதை அவர் காட்டிவிட்டுப் போனார். கொடுப்பதானால் யார், எப்போதிலிருந்து பார்க்கலாம் என்ற நிபந்தனையைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பெட்டிப்பூட்டின் செலவு, சுமப்பவளின் தலையில் விழும். அப்பத்தா அதை மாதம் இருபத்தைந்து ரூபாயாகக் கட்டினார். எல்லோராலும் கட்ட முடியாது.

ஒரே பார்வையில்

| | நாவல் | குடும்ப வரலாறு | செயலித் தொடர் | பெட்டிப்பூட்டு |
|---|---|---|---|---|
| சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால் | களத்தையே மாற்றினால் மட்டும் | சம்மதம் இல்லாமல் கூடாது | கூடாது | இதுவே சரி |
| அடையாளம் தெரிதல் | வீடு, கோயில், ஊர் காட்டிக்கொடுக்கும் | மறைக்க இடமே இல்லை | ஒரே இரவில் | இல்லை |
| பாகத்தில் முட்டுதல் | குறைவு | அதிகம் | குறைவு | பிறகு வரலாம் |
| துண்டுத் தகவல் போதுமா | போதும் | போதாது | போதும், ஆனால் திரியும் | போதும் |
| திரும்ப எடுத்தல் | அச்சான படி போனது போனதுதான் | அதே | அழித்தாலும் சுற்றும் | எப்போதும் முடியும் |
| கைச்செலவு | நடுத்தரம் | நூறு படி என்றால் குறைவு | இல்லை | இல்லை |
| காலம் | வருடங்கள் | மாதங்கள் | வாரத்துக்கு வாரம் | ஒரு பிற்பகல் |

மூவருக்கும் சொன்னது

சிங்கப்பூர்க்காரரிடம் குடும்ப வரலாறு என்றேன். கடிதங்கள் இரு பக்கமும் கிடைத்திருக்கின்றன, எழுதியவர்கள் இல்லை. பாகம் முடிந்து பத்திரம் பதிவாகும்வரை ஒரு வரியும் வெளியே போக வேண்டாம். பிறகு நூறு படி, விற்பனைக்கு அல்லாமல். அவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் மனத்தில் சென்னைப் புத்தகக் காட்சி அரங்கு இருந்தது.

காரைக்குடிக்காரருக்கு இன்னும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதுங்கள், யாருக்கும் காட்டாதீர்கள், நாவல் என்றும் நினைக்காதீர்கள் என்றேன். “மளிகை நோட்டிலேயே எழுதுகிறேன். அவர் அதை மட்டும்தான் திறந்து பார்ப்பதில்லை” என்றார். பின்னால் நாவலாக்க வேண்டுமென்றால், செட்டிநாட்டை விட்டுக் கதையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கோயம்புத்தூரோ, நாகர்கோவிலோ. அதற்கு அந்த ஊர் தெரிய வேண்டும். அதுவும் ஒரு செலவுதான்.

பள்ளி ஆசிரியைதான் என்னைத் திணறடித்தார். “பெரியவீட்டாரிடம் நான் சம்மதம் கேட்க வேண்டுமா?” என்றார். என் முதல் விதிப்படி, ரகசியம் அந்த வீட்டுடையது. ஆனால் முப்பது வருடம் அதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சோறு பொங்கியது அவருடைய ஆயா. மலர்களில் அந்தப் பெயர் கிடையாது, பாகத்தில் கிடையாது, முகப்பைத் தாண்டிப் பட்டாலையில் உட்கார்ந்த ஒரு படம்கூடக் கிடையாது. அவருக்கு அதில் உரிமை இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நாவலாக எழுதுங்கள், அடுப்படியை விட்டு வெளியே வராமல் எழுதுங்கள் என்றேன். வீட்டுக்காரர்கள் அடுப்படிக்குள் வந்தால் வரட்டும், ஆயாவின் காதுக்கு எட்டினது மட்டும் கதையில் இருக்கட்டும். வீட்டை யாரும் அடையாளம் காண முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து அதை யாரும் பார்த்ததே இல்லை.

போன வாரம் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தார். தூண் இல்லை, தேக்கு இல்லை, ஆத்தங்குடிக் கல் இல்லை. விருந்தாள் எத்தனை பேர் என்று யாரும் வந்து சொல்லாததால், ஆறு படி அரிசி ஊறப்போடுவதா எட்டுப் படியா என்று தெரியாமல் ஒருத்தி உழக்கோடு நிற்கிறாள். உள்ளே யாரோ அழுகிறார்கள். அவள் ஏழு படி போடுகிறாள்.